பட்டை போட்ட ஜெர்மனியும் நாமம் போட்ட அமெரிக்காவும்

துப்பாக்கியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு மயிலாப்பூரில் வேறு யாருக்கும் தெரியாது என்று தொண்ணூறுகளில் நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். இத்தனைக்கும் நிஜத் துப்பாக்கி எதையும் நான் தொட்டதுகூடக் கிடையாது. தேனாம்பேட்டையில் எங்கள் அலுவலகத்துக்கு எதிரே ஒரு வங்கி இருந்தது. அதன் வாசலில் காவலாளி இரட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தூங்குவார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பேன், அவ்வளவுதான் என் நேரடி அனுபவம். மற்றதெல்லாம் மந்தைவெளியில் ஒரு வாடகை நூல்நிலையத்தில் கிடைத்த, அட்டை கிழிந்த ஆங்கிலத் துப்பறியும் நாவல்களிலிருந்து வந்த ஞானம். அந்த நாவல்களில் மற்றவர்கள் கதாநாயகி வரும் பக்கங்களைத் தேடிப் படிப்பார்கள். நான் அவளைத் தள்ளிவிட்டு, கொலைகாரன் தன் துப்பாக்கியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் போடும் பக்கங்களை இரண்டு தரம் படிப்பேன்.

இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தபோதுதான் எனக்கு இன்ஸ்பெக்டர் வேஷம் கிடைத்தது.

எங்கள் அலுவலகத்தில் ஒரு நாடகக் குழு இருந்தது. என் பிரிவின் தலைமை எழுத்தர்தான் அதற்கு எல்லாம். கதை, வசனம், இயக்கம், திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது வரை அவரே. அலுவலகத்தில் அவரை சார் என்போம், ஐந்தே முக்காலுக்கு மேல் டைரக்டர் என்போம். அதுவரை அவர் எனக்குக் கொடுத்து வந்த வேஷம் டாக்டர். கடைசிக் காட்சியில் வந்து, படுத்திருப்பவரின் மணிக்கட்டைத் தொட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "எல்லாம் முடிஞ்சு போச்சு" என்று சொல்ல வேண்டும்.

நான் அதைச் சொன்னதும் ஹாலில் இருந்தவர்கள் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். அதற்குப் பிறகும் நாடகத்தில் கால் மணி நேரம் பாக்கி இருக்கும் என்பது யாருக்கும் பொருட்டில்லை. சபா ரசிகர்களின் வழக்கமே அதுதான். முடியப்போகிறது என்று மோப்பம் பிடித்த உடனே நாற்காலிக்கு அடியில் கால்கள் செருப்பைத் துழாவும். அடுத்தது கைப்பையின் ஜிப். அதற்கடுத்து, பஸ் போய்விடும் என்று ஒரு பொதுவான முனகல். சபாவுக்குப் பின் தெருவிலேயே குடியிருப்பவர்களும் பஸ் போய்விடும் என்று சொல்லித்தான் எழுந்திருப்பார்கள். மடக்கு நாற்காலிகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தத்தில் மேடையில் யார் அழுகிறார்கள், யார் மன்னிக்கிறார்கள் என்பது எங்களுக்கே கேட்காது.

எனக்கு இந்த வழக்கத்தின் மேல் அப்படி ஒரு எரிச்சல். பாயசம் வருவதற்கு முன்னால் இலையை மடிக்கிறவர்களை நான் பார்த்ததில்லை. நாடகத்துக்கு மட்டும் என்ன அவசரம்?

மயிலாப்பூரில் எங்களுக்குத் தேதி கொடுத்து வந்த சபாவின் செயலாளருக்கும் அதே எரிச்சல்தான், ஆனால் அவர் அதை எங்கள் தலையில் இறக்கினார். ஏற்கெனவே ஜனம் தொலைக்காட்சித் தொடர்களுக்குப் போய்விட்டது. கடைசிக் காட்சியில் மிச்சம் இருப்பவர்களும் மின்விசிறிக்காக உட்கார்ந்திருப்பவர்கள். அடுத்த நாடகத்திலும் திரை விழுவதற்கு முன் கூட்டம் எழுந்து போனால், இனிமேல் எங்கள் குழுவுக்குத் தேதியே கிடையாது என்று அவர் சொல்லிவிட்டார். வேறு எந்த சபாவும் எங்களைச் சீந்தாது. மெட்ராஸிலேயே எங்களுக்கு இருந்தது அந்த ஒரு மேடைதான்.

டைரக்டர் இடிந்து போனார். அவருக்கு நாடகம் இல்லாவிட்டால் கோப்புகள் மட்டும்தான் மிஞ்சும். எனக்கும் அப்படித்தான். மாலையில் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு கத்தாவிட்டால் மறுநாள் காலை மேஜைக்குப் போக எனக்குக் கால் வராது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அடையாறிலிருந்து வந்த என் மனைவியிடம் நான் ஒரு நடிகன் என்று வேறு சொல்லிவைத்திருந்தேன்.

கடைசிக் காட்சியில் ஜனங்களைக் கட்டிப்போட நான்தான் வழி சொன்னேன். ஒரு கொலை நாடகம் போடுவோம். எஸ்டேட் முதலாளி ஒருவர் தன் அறையில் சுடப்பட்டு இறந்து கிடக்கிறார். அறையில் இரண்டு துப்பாக்கிகள். ஒன்று மானேஜருடையது, இன்னொன்று முதலாளியின் மச்சினனுடையது. கடைசிக் காட்சியில் இன்ஸ்பெக்டர் இரண்டையும் தூக்கிப் பிடித்து, இதன் குணம் இது, அதன் குணம் அது என்று ஒப்பிட்டு விளக்கி, அந்த விளக்கத்திலிருந்தே கொலையாளியைக் கண்டுபிடிக்கிறார். எந்த மனிதன் அந்த நேரத்தில் எழுந்து செருப்பைத் தேடுவான்? டைரக்டர், நீயே இன்ஸ்பெக்டராக நடித்துவிடு, அந்த வசனத்தை வேறு யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது என்றார்.

துப்பாக்கிகள் வந்த கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்த கூத்துக்கு அதுதான் வேர். ஜெர்மன் துப்பாக்கி டைரக்டரின் மனைவியினுடைய அண்ணா கொடுத்தது. அவர் கோடம்பாக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனியில் வேலை பார்த்தார். மரமும் இரும்பும் சேர்த்துச் செய்த சினிமாத் துப்பாக்கி, சுடாது, ஆனால் அசையும். அமெரிக்கத் துப்பாக்கி டைரக்டரின் தம்பி கொண்டுவந்தது. அவர் கப்பலில் வேலை செய்பவர். ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கிய பொம்மை அது. பொம்மை என்றாலும், நிஜத் துப்பாக்கியில் இருக்கும் எல்லா உறுப்புகளும் அதில் இருந்தன. அதைக் கையில் வாங்கிய அன்று நான் சாப்பிடவில்லை.

இரண்டும் ஒரே ஜாதி என்று தெரியாதவர்கள் நினைப்பார்கள். ஒரு விதத்தில் சரிதான். இரண்டிலும் விசையை ஒரு தரம் இழுத்தால் ஒரு குண்டு போகும், காலித் தோட்டா வெளியே தெறிக்கும், அடுத்த தோட்டா தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனால் மறுபடி இழுத்தால்தான் அதுவும் போகும். அதோடு ஒற்றுமை தீர்ந்தது. ஜெர்மனி ஒல்லி. குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பிடி சாய்ந்திருக்கும். சுடும்போது அதன் மேல்பாகம் முழங்கால் மடங்குவதுபோல மேல்நோக்கி மடங்கி மறுபடி நீளும். நூறு துண்டுகளை அவ்வளவு நெருக்கமாகச் செதுக்கிப் பொருத்தினவன் நிச்சயமாக வீட்டில் யாருடனும் பேசாதவனாக இருக்க வேண்டும். அழகு என்றால் அதுதான். ஆனால் கொஞ்சம் மணல் போனால் போதும், கோபித்துக்கொண்டு நின்றுவிடும் என்று நாவல்களில் எழுதியிருந்தது.

அமெரிக்கா தடியன். மேல்பாகம் ஒரே கட்டை. சுட்டால் அந்தக் கட்டை முழுசாகப் பின்னால் போய்த் திரும்பி வரும். சேற்றில் போட்டு எடுத்தாலும் சுடும். பிடி நேராக இருக்கும், தோட்டாவைத் தட்டும் சுத்தியல் பின்னால் வெளியே தெரியும். இடது பக்கம் ஒரு சின்னத் தாழ்ப்பாள், வலது கைக்காரனின் கட்டைவிரலுக்குத் தோதாக; அதைத் திறந்தால்தான் சுடும். அதெல்லாம் போகட்டும், பிடியின் முதுகில் ஒரு நாக்கு துருத்திக்கொண்டிருக்கும். உள்ளங்கையால் அதை இறுக்கி அமுக்கினால்தான் விசை நகரும். லேசாகப் பிடித்தால் நகராது. ஜெர்மனியில் அந்த நாக்குக் கிடையாது.

என் கதை முழுவதும் அந்த நாக்கின் மேல்தான் நின்றது. மானேஜருக்கு முதல் காட்சியிலேயே கண்ணாடி குத்தி வலது உள்ளங்கையில் பெரிய கட்டு. பிணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது அவருடைய அமெரிக்கத் துப்பாக்கி, எல்லோரும் அவரையே சந்தேகிக்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டோடு நாக்கை அமுக்கவே முடியாது. இடது கையால் சுடலாமே என்று ஒத்திகையில் தட்டெழுத்தர் ஒருவர் கேட்டார். அந்தத் தாழ்ப்பாளைப் பற்றி ஒரு பக்கம் கூடுதலாக எழுதிச் சேர்த்தேன். ஆகவே சுட்டது மச்சினன். இன்ஸ்பெக்டர் அதைச் சொன்னதும் மச்சினன் ஜெர்மன் துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடுகிறான். உள்ளேயிருந்து ஒரு வெடிச்சத்தம். திரை.

வசனம் பழகுவதற்காக இரண்டு துப்பாக்கிகளையும் டைரக்டர் வீட்டிலிருந்து லஸ்ஸில் என் வீட்டுக்கு ஒரு வயர் கூடையில் வைத்து எடுத்துப் போவேன், ஒத்திகைக்குத் திருப்பி எடுத்து வருவேன். தி. நகரில் ஒரு நாள் மழை வரும்போல இருந்தது என்று ஆட்டோவில் ஏறினேன். பள்ளத்தில் ஆட்டோ குதித்ததில் மேலே மூடியிருந்த துண்டு நழுவியது. ஓட்டுநர் கண்ணாடியில் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கூடையைப் பார்த்தார்.

"இன்னா சார், மஃப்டியா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அது நாடகத்துக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கையை நீட்டி மீட்டரைத் திருப்பிப் போட்டுவிட்டார். மீட்டர் ஓடும் ஆட்டோவில் நான் போனது என் வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். அந்த மரியாதையைக் கெடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, லஸ் வரைக்கும் மஃப்டியாகவே உட்கார்ந்து வந்தேன்.

ஒத்திகை தி. நகரில் டைரக்டர் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. கோடைக்காலம். பக்கத்துப் போர்ஷன் மாமி அங்கே வடாம் காயவைத்திருப்பார். நாங்கள் ஒருவரை ஒருவர் குறிபார்த்துக்கொண்டு நிற்பதை அவர் ஒரு நாளும் பொருட்படுத்தியதில்லை. ஒரே ஒரு தடவைதான் தலையை நிமிர்த்தி, "வடாத்தை மிதிக்காம சுட்டுக்கோங்கோ" என்றார்.

தொல்லை என்னவென்றால், என்னைத் தவிர யாருக்கும் எது ஜெர்மனி, எது அமெரிக்கா என்று பிடிபடவில்லை. ஒல்லியாக இருப்பது ஜெர்மனி என்று எத்தனை தரம் சொன்னாலும், மானேஜர் மேஜையில் ஜெர்மனியை வைப்பார், மச்சினன் அமெரிக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். எனக்கு ரத்தம் கொதிக்கும். டைரக்டரே ஒரு நாள், ரெண்டும் சுடத்தானே சுடும், எதுவானால் என்ன என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு நான் ஒத்திகையைப் பாதியில் விட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். அவர் மனைவி மோர் கொடுத்துச் சமாதானம் செய்து, நான் பார்த்துக்கொள்கிறேன், நாடகத்தன்று மாறாது என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. மோர் நன்றாக இருந்தது.

எங்கள் குழுவில், நாடகம் அரங்கேறும் நாளில் மேடைச் சாமான்கள் எல்லாவற்றையும் வைத்துப் பூஜை போடுவது வழக்கம். மேஜை, டெலிபோன், பிணத்தின் மேல் போர்த்தும் சால்வை, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. பூஜை டைரக்டரின் மனைவி பொறுப்பு. அவர் பிறந்தகத்தில் விபூதிப் பட்டை, புகுந்தகத்தில் நாமம். காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், அந்தக் காலத்தில் அதற்காக இரண்டு வீட்டிலும் கொஞ்சம் சத்தம் இருந்ததாம். அன்று அவர் துப்பாக்கிகளை எதிரில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஒல்லி, தடி என்பதெல்லாம் அவருக்கு மனதில் நிற்கவில்லை. எது எங்கிருந்து வந்தது என்பது மட்டும் நன்றாக நின்றது.

"இது எங்காத்துலேர்ந்து வந்தது. அது அவாத்துலேர்ந்து வந்தது. இனிமே யாருக்கும் மாறாது" என்றார்.

சொல்லிவிட்டு, அண்ணா கொடுத்த ஜெர்மனியின் பிடியில் விபூதியைக் குழைத்து அழகாக மூன்று பட்டை இட்டார். மைத்துனர் கொண்டுவந்த அமெரிக்காவின் பிடியில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு நாமம் சாத்தினார். பிடிதானே, கைக்குள் மறைந்துவிடும் என்பது அவர் கணக்கு. உண்மையைச் சொன்னால் அது நல்ல யோசனை. மானேஜரும் மச்சினனும் அன்றைக்கு ஒரு தடவைகூட மாற்றி எடுக்கவில்லை. முதல் இரண்டு மணி நேரம் பிடிகள் கைக்குள்ளும் உறைக்குள்ளும் பிணத்தின் சால்வைக்கு அடியிலும் சமர்த்தாக இருந்தன.

கடைசிக் காட்சி வந்தது. திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். செயலாளர் வழக்கமான இடத்தில், வாசலை ஒட்டி, யார் யார் எழுந்து போகிறார்கள் என்று பார்க்கும்படியாக நாற்காலி போட்டிருந்தார். என் மனைவி தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முடிவை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று டைரக்டர் எங்களிடம் சத்தியம் வாங்கியிருந்ததால் அவளுக்குக் கதை தெரியாது. நான் குளியலறையில் வசனம் பேசிப் பார்ப்பது வெளியே கேட்கக்கூடாது என்று தண்ணீரைத் திறந்துவிட்டு, வீட்டுக்காரரிடம் திட்டு வாங்கியிருந்தேன்.

நான் மேடைக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது வரிசையில் ஒரு ஜிப். அதற்குப் பின்னால் ஒரு குடை தட்டும் சத்தம். இடது ஓரத்தில் இரண்டு பேர் எழுந்தேவிட்டார்கள். வசனத்தில் ஒரு பாராவைத் தாண்டி, நேராகத் துப்பாக்கிகளுக்கு வந்தேன்.

நாவல்களில் எந்த இன்ஸ்பெக்டரும் கொலைக்கருவியைப் பிடியில் தொடமாட்டான், ரேகை அழிந்துவிடும். ஆகவே நான் இரண்டு கைக்குட்டைகளை எடுத்து, இரண்டு துப்பாக்கிகளையும் குழல் பக்கமாகப் பிடித்து, சபையோருக்கு நன்றாகத் தெரியும்படி தலை உயரத்துக்குத் தூக்கினேன். மேடை விளக்கு நேராகப் பிடிகளில் விழுந்தது. காய்ந்த விபூதி பளீரென்று வெளுத்திருந்தது. நாமம் அதைவிடப் பளீர்.

"இந்த இரண்டு துப்பாக்கிகளையும் நன்றாகப் பாருங்கள். இரண்டுக்கும் பிறப்பு வேறு, வளர்ப்பு வேறு, வழி வேறு" என்று ஆரம்பித்தேன். சத்தியமாக அது நான் மாதக்கணக்கில் மெருகேற்றிய வரி.

ஹாலில் ஒரு அமைதி. எழுந்தவர்கள் நின்றார்கள். ஜிப் பாதியில் நின்றது. என் வரியின் சக்தி என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். பிறகு சிரிப்பு, முதலில் ஒரு மூலையில், அப்புறம் கூடம் முழுக்க. நான் ஜெர்மனியைப் பற்றிச் சொன்னேன், மேல்பாகம் முழங்கால் மாதிரி மடங்குவதைச் செய்து காட்டினேன். பட்டை மேலும் கீழும் அசைந்தது. கைதட்டல். அமெரிக்கா சேற்றிலும் சுடும் என்றேன். அதற்கு இன்னும் பெரிய கைதட்டல், வலது பக்கத்திலிருந்து மட்டும். இடது பக்கம் கொஞ்சம் விறைப்பாக இருந்தது.

அப்போதுதான் நான் என் கையைப் பார்த்தேன். பார்த்து என்ன செய்வது? இன்ஸ்பெக்டர் உடையில் நின்றுகொண்டு விபூதியைத் துடைக்க முடியுமா? பேச்சை நிறுத்தினால் கூட்டம் கிளம்பிவிடும். நான் பேசினேன். பிடியின் முதுகில் இருக்கும் நாக்கைப் பற்றி, தாழ்ப்பாளைப் பற்றி, உள்ளங்கையின் பலத்தைப் பற்றி, ஒரு சொல் விடாமல் பேசினேன். யார் காதிலும் ஏறவில்லை. முன்வரிசையில் அதற்குள் வேறு விசாரணை தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் நெற்றியில் இருப்பது வடகலையா, தென்கலையா? முந்தைய காட்சிகளில் பிடித்தவர்களின் கை வியர்வை பட்டு நாமத்தின் அடி கலங்கியிருந்தது. கீழே பாதம் இருக்கிறது, ஆகவே தென்கலைதான் என்று ஒருவர். அது பாதம் இல்லை, வழிந்திருக்கிறது, ஆகவே வடகலைதான் என்று இன்னொருவர். பின்வரிசைக்காரர்கள் தெரியவில்லை என்று எழுந்து முன்னால் வந்தார்கள். என் கண்ணால் பார்த்தேன், கடைசிக் காட்சியில் சபா ரசிகர்கள் மேடையை நோக்கி நடந்து வந்தார்கள்.

இங்கேதான் வெடி விஷயத்தைச் சொல்ல வேண்டும். மேடைக்குப் பின்னால் முற்றத்தில், ஒரு காலிப் பெயின்ட் டப்பாவுக்குள் பட்டாசு வைத்துக்கொண்டு எங்கள் கணக்குப் பிரிவு நண்பர் காத்திருந்தார். திரி எரிய நேரம் ஆகும் என்பதால், நான் "ஆகவே" என்று உரக்கச் சொன்னதும் அவர் பற்றவைக்க வேண்டும். நான் கொலையாளியின் பெயரைச் சொல்லி, அவன் ஓடுவதற்கும் வெடிப்பதற்கும் சரியாக இருக்கும். வெடித்ததும் திரை இழுப்பவர் இழுத்துவிடுவார். எல்லோரும் அரசு ஊழியர்கள், சொன்னதைச் சொன்னபடி செய்யக்கூடியவர்கள்.

கூட்டத்தின் சத்தத்தை அடக்க வேண்டும் என்று நான் அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

"ஆகவே!"

அடங்கியது. கொலையாளியின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தேன். முன்வரிசைப் பெரியவர் கையை உயர்த்தினார்.

"சித்த இருங்கோ சார். அந்த நாமத்தை இன்னொரு தரம் காட்டுங்கோ" என்றார்.

வயதில் பெரியவர். குனிந்து காட்டினேன். அவர் கிட்டே வந்து உற்றுப் பார்த்து, வடகலை என்று தீர்ப்புச் சொல்வதற்கும் பின்னால் பட்டாசு வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. திரை விழுந்தது.

திரைக்கு உள்ளே மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மச்சினன் நின்றுகொண்டிருந்தான். கொலையாளி யார் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் ஓடவில்லை, சாகவுமில்லை. மச்சினனாக நடித்தவர் தபால் பிரிவுக்காரர், அந்த ஓட்டத்துக்காகப் புதுச் செருப்பு வாங்கியிருந்தார். "என் சாவு போச்சே சார்" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியே கைதட்டல் ஓயவில்லை. டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். செயலாளர் வருவார், முடிவே இல்லாமல் ஒரு நாடகமா என்று கேட்பார், அதோடு நம் கதை முடிந்தது என்று புலம்பினார்.

செயலாளர் வந்தார். முகம் மலர்ந்திருந்தது. ஒருத்தர்கூட எழுந்து போகவில்லை, இப்போதுகூடப் போகவில்லை, வாசலில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள், இப்படி ஒரு நாளை இந்த சபா பார்த்ததில்லை என்றார். அடுத்த தேதி நிச்சயம் என்றார். அவருக்கு இரண்டே வேண்டுகோள்கள். நிர்வாகக் குழுவில் இரண்டு கலைக்காரர்களும் இருப்பதால், அடுத்த முறை நாமத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சாத்த வேண்டும், எந்தக் கலை என்பதைக் குழு கூடி முடிவு செய்யும். இரண்டாவது, என்னைப் பார்த்து, துப்பாக்கியைப் பற்றிய பேச்சைக் குறைத்துக்கொண்டு இரண்டையும் சும்மா தூக்கிக் காட்டினால் போதும் என்றார்.

கொலையாளி யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நாங்கள் எல்லோரும் காத்து நின்றோம். அவர் டைரக்டரின் மனைவிக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

துப்பாக்கிக் கூடையோடு வாசலுக்கு வந்தேன். பலர் வந்து என் கையைக் குலுக்கினார்கள், அருமை என்றார்கள், இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்றார்கள். அவர்களும் கேட்கவில்லை. தேதி கிடைத்துவிட்டது, குழு பிழைத்துவிட்டது, சந்தோஷப்பட வேண்டியவன் நான்தான். ஆனால் எனக்கு அழுகையாக வந்தது. இத்தனை மாதம் படித்து, எழுதி, தண்ணீரைத் திறந்துவிட்டு மனப்பாடம் செய்த அத்தனையும் ஒரு காதுக்குக்கூடப் போய்ச்சேரவில்லை. இவர்கள் பாதியில் எழுந்து போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

கேன்டீன் பக்கம் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் மந்தார இலையில் இரண்டு போண்டா. நான் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அவளும் நாமத்தைப் பற்றித்தான் ஏதாவது சொல்லப்போகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏன்னா, யார் கொன்னதுன்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்றாள்.

போண்டாவை இலையிலேயே திரும்ப வைத்தேன். நான் பதில் சொல்வதற்குள் அவளே தொடர்ந்தாள். பக்கத்தில் இருந்த மாமியிடம் கேட்டாளாம், மாமி வடகலை என்றாராம். அந்தச் சத்தத்தில் தனக்குச் சில இடங்கள் சரியாகக் காதில் விழவில்லை, பிடிக்குப் பின்னால் ஏதோ ஒன்றை அமுக்க வேண்டும் என்று சொன்னேனே, அது எந்தத் துப்பாக்கியில் என்று கேட்டாள்.

கூடையிலிருந்து அமெரிக்காவை எடுத்துக் கொடுத்தேன். அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். நாமத்தின் மேல் அவள் கண் நிற்கவே இல்லை. நேராகப் பின்பக்கத்து நாக்கைத் தேடிக் கட்டைவிரலால் தடவினாள். பிறகு என் கைக்குட்டைகள் இரண்டையும் வாங்கித் தன் உள்ளங்கையில் மொத்தமாகச் சுற்றிக்கொண்டு, துப்பாக்கியைப் பிடித்து, தாழ்ப்பாளைத் திறந்து, கேன்டீன் சுவரைப் பார்த்து விசையை இழுத்தாள். நகரவில்லை. தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு இடது கைக்கு மாற்றினாள். அதைத் திறக்கக் கட்டைவிரல் போகவில்லை. கைக்குட்டைகளைப் பிரித்துவிட்டு வலது கையால் தாழ்ப்பாளைத் திறந்து, இறுக்கிப் பிடித்து இழுத்தாள். டிக் என்று கேட்டது.

"அப்போ மானேஜர் இல்லை. மச்சினர்தான்" என்றாள்.

ஆமாம் என்றேன். எனக்கு நாடகம் அப்போதுதான் முடிந்தது.